தம்பார் பங்களா: தாய்ப்பத்திரங்கள்

அஞ்சு பத்திரம். ஆறாவது நான் எழுதப்போவது.
அடியில் கிடப்பதைப் பூச்சி பாதி படித்துவிட்டது.

அதில் டன்பார் என்று கையெழுத்து.
அம்பாசமுத்திரத்து வாயில் தம்பார் ஆனவர்
பருத்தி விலை ஏறிய வருஷம் கட்டினார்,
இறங்கிய வருஷம் விற்றார்.
இடையில், சொந்த ஊரிலிருந்து வரைபடம் வரவழைத்து
பனி விழும் தேசத்து வீடொன்றைப்
பங்குனி வெயிலில் நிறுத்தியிருந்தார்.
வரைபடத்தில் கணப்பு இருந்தது, ஆகவே கணப்பு வைத்தார்கள்.
கொத்தன் கேட்டிருப்பான்,
'இதுக்குள்ள என்னத்த வே எரிக்க?'

வாங்கியது கல்லிடைக்குறிச்சி அரிகர சுப்பையர்.
கணப்புக்கு மரக்கதவு போட்டு விதைநெல் வைத்தார்.
'சந்திர சூரியர் உள்ளவரை
ஆண்டு அனுபவித்துக்கொள்வீராகவும்.'
பதினோரு வருஷம்.
மருமகன் சீட்டாட்டத்தில் தோற்றதைக்
'குடும்ப அவசரச் செலவு' என்று எழுதியிருக்கிறது
என் தொழில்காரன் ஒருவனின் கை.

மீரான் கனி ராவுத்தர், தேக்கு வியாபாரம்.
சந்திர சூரியர் உள்ளவரை. முப்பத்திரண்டு வருஷம்.
நாலு மகள்கள், ஒரு வழக்கு.
அமீனா நூல் பிடித்துக் கூடத்தை அளந்ததில்
கணப்பு, கடைக்குட்டி ஜைத்தூன் பீவி பாகம்.
அதில் அவள் கோழி அடைத்ததாக
அக்காமார் வாக்குமூலம்.

அப்புறம் தங்கக்கனி நாடார்.
பேரன்மார் மஸ்கட்டில்; பவர் பத்திரம் தபாலில் வந்தது.
தொண்ணூறு வருஷம், பாதி நாள் பூட்டு.
சந்திர சூரியருக்குக் கொஞ்சம் கிட்டே போனது இவர்கள்தான்.

மேற்கெல்லை
வேலாயுதம் பிள்ளை நஞ்சையாக இருந்து,
அரிசி ஆலையாகி, இப்போது பெட்ரோல் பங்க்.
தெற்கும் கிழக்கும் பத்திரத்துக்குப் பத்திரம் வேறு.
வடக்கே மட்டும் ஒரே எழுத்து:
நதியுண்ணிக் கால்வாய்.

நேற்று இடம் பார்க்கப் போனேன்.
வௌவால் எச்சம், ஓட்டுச் சில்லு,
எவனோ அம்புவிட்டு வரைந்த இதயம்.
கணப்புக்குள் தலையை நீட்டி அண்ணாந்தேன்.
கரியே இல்லை.
நூற்றறுபது வருஷத்துச் செங்கல் புதுசாய்ச் சிவந்திருக்க
உச்சியில் சதுரமாய்க் கொஞ்சம் ஆகாசம்,
அதன் ஓரத்தில் பகல்நிலா.

வாங்குகிறவள் முப்பிடாதி.
எதிரே அவளுடைய கல்யாண மண்டபம்;
கார் நிறுத்த இடம் போதவில்லை.
'கட்டடம்னு எழுதாதீங்கக்கா, தீர்வை கூடிரும்.
திங்கக்கிழமை ஜேசிபி வருது.'

காலி மனை என்று எழுதினேன்.
கைப்பழக்கம், அடுத்த வரியில்
'சந்திர சூரியர்' என்று வந்துவிட்டது.
எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
'அவுங்க யாருக்கா, சாட்சியா?'