நூறில் ஒண்டு

கர்ப்பப்பை எடுக்க முன்னம் ஒரு தாள் தந்தார்கள்.
மூன்று மொழி. தமிழ்ப் பக்கத்தில் மட்டும்
மை மங்கல்.
கிண்ணியா நேர்ஸ் நுஸ்கியா
விரல் வைத்து வாசித்தாள்:
இரத்தப் பெருக்கு, கிருமி, கால் நரம்பில் கட்டி,
"சலப்பையில காயம், நூறில ஒராளுக்கு."

பஸ்நிலையத்துக்கு எதிரே
பத்தொன்பது வருசமாய் லொத்தர் விற்கிறேன்.
நூறில் ஒன்று விழும் என்றால்
சனம் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்.
விழும் விழும் என்று சொல்லிக் கிழித்துக் கொடுத்த கை
விழாது என்று நம்பிக்
கையெழுத்து வைத்தது.

"கேள்வி இருக்கா அம்மா?" என்றார் டொக்டர்,
தெரிந்த தமிழில்.
எப்ப கடை திறக்கலாம், கேட்டேன்.
சூலகத்தை விட்டுவைப்பீர்களா, கேட்டேன்.
மற்றதை நுஸ்கியாவிடம்தான் கேட்டேன்.
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
"ஆறு கிழமை. அதுக்குப் பிறகும்
நீங்க ஓம் எண்டாத்தான்."
அது தாளில் இல்லை.

கண் விழித்தபோது ஜன்னலில்
பாதி கடல், பாதி தண்ணீர்த் தாங்கி.
இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அமத்தச் சொன்னார்கள்.
இருமல் வராமல் இருக்க
என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டில், மூதூர் பரீனா.
சலக்குழாயோடு ஒன்பதாம் நாள்.
என்ன தொழில் என்றாள். சொன்னேன்.
"அப்ப என்னத் தெரிஞ்சிருக்கணுமே.
அந்த நூறில ஒண்டு நான்தான்."
சிரித்தாள், உடனே தையலைப் பிடித்துக்கொண்டாள்.
அதுவரை அந்த இலக்கத்துக்கு
முன்பல்லில் இடைவெளி இருந்ததில்லை.
பையில் கிடந்த டிக்கெட் ஒன்றை நீட்டினேன்.
"எங்களுக்கு அது ஹராம், தோடம்பழம் இருந்தாத் தாங்க."

வீடு திரும்பும் ஓட்டோ. ஒவ்வொரு வேகத்தடைக்கும்
மனுசன் டிரைவரின் தோளைத் தட்டினார்.
கோட்டையடியில் மான்கள் குறுக்கே நின்றன.
அசையவே இல்லை.
வாழ்க்கையில் முதல்தடவை
அவற்றுக்கு நன்றி சொன்னேன்.

காய்ச்சல், கெட்ட வாடை, கெண்டைக்கால் வீக்கம்:
ஒன்று கண்டாலும் ஓடி வா என்றதை
திகதி கடந்த டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி
பிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறேன்.
அவர் வைக்கும் கறியில் இரண்டு தரம் உப்பு.
பேசாமல் சாப்பிடுகிறேன்.
நாலாம் கிழமை, மத்தியானம்,
காரணமில்லாமல் அழுதேன்.
அதுவும் தாளில் இல்லை.

நேற்று பரீனா கோல் எடுத்தாள்.
"குழாய் கழட்டியாச்சு. நானும் இப்ப
அந்தத் தொண்ணூத்தொன்பதோட சேந்திட்டன்."
கிணற்றடியில் வாளி நிறைந்து நிற்கிறது.
இன்னும் பத்து நாள்
அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.