ஆறாம் முறை வந்த கோட்டு

விடுதியின் வாசலில் ஒரு மரப்பெட்டி.
விட்டுப்போனவர்களின் ஒற்றைக் காலுறைகள்,
முள் நின்ற திசைகாட்டி,
அடியில் இந்த மஞ்சள் மழைக்கோட்டு.
கழுத்துப்பட்டையில் அழியாத மையில்
'இங்வில்ட்' என்று எழுதியிருந்தது.
யாரோ.
என் கோட்டு போன வாரமே
வேறொரு பேருந்தில் தனியாகப் பயணம் போய்விட்டது.
இது தோளில் இரண்டு விரற்கடை பெரிது.
போட்டுக்கொண்டேன்.

காலை ஏழு மணி, டெ அனாவ்.
ஓட்டுநர் மெரெபெக்கா
பெயர்ப்பட்டியலைப் பார்க்கவில்லை,
கோட்டைப் பார்த்தாள்.
"இந்த மாதம் ஆறாம் முறை" என்றாள்.
"நான் முதல் முறைதான் வருகிறேன்."
"உன்னைச் சொல்லவில்லை."

முதுகுப்பைகளை மடியில் கிடத்தி
பிள்ளை ஏந்தியவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம்
பதினான்கு பேர்.
வழியில் ஒரு ஏரி. கரையில் ஒரு பலகை,
எழுத்தைத் தலைகீழாய் எழுதி வைத்திருந்தார்கள்,
தண்ணீரில் பார்த்தால் நேராய்த் தெரியுமாம்.
மழை விழுந்துகொண்டிருந்தது.
ஏரியால் ஒரு வார்த்தையும் வாசிக்க முடியவில்லை.

வெயில் வரட்டும் என்று நான் முணுமுணுத்தது
அவளுக்கு எப்படியோ கேட்டுவிட்டது.
"வெயில் நாளில் இங்கே நின்று விழும் அருவி இரண்டே இரண்டு.
மழை நாளில் எண்ணி முடியாது.
தெரிந்து கேள்."

குகைப்பாதையின் முன் சிவப்பு விளக்கு.
இறங்கி நின்றோம்.
ஒரு கெயா, பச்சைக் கிளி என்று சொல்லக் கூசும் அளவுக்குப் பெரியது,
பேருந்தின் ஜன்னல் ரப்பரைக் கொஞ்சம் தின்றது.
பிறகு என் தோளுக்கு வந்தது.
கோட்டின் தொப்பியில் ஏற்கெனவே மூன்று கிழிசல்,
முக்கோண முக்கோணமாய்.
நான்காவது என் காதோரம் கிழிந்தது.

குகைக்குள் இருட்டு சரிவாக இறங்கியது.
சுவரெல்லாம் கொத்திய தடம்,
பூசி மறைக்க யாருக்கும் தோன்றாத தடம்.
வெளியே வந்ததும்
மலைகள்.
அவற்றைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளை
இங்கே அடித்துவிட்டேன்.

படகில் ஃபெர்கஸ் காபி ஊற்றியபடி சொன்னான்:
"இந்தப் பாறையில் மண் கிடையாது.
மரம் மரத்தின் வேரைப் பிடித்துத்தான் நிற்கிறது.
ஒன்று வழுக்கினால் போதும்."
உச்சியிலிருந்து கடல்வரை
உரித்தெடுத்தது போல் ஒரு வெற்றுப் பட்டையைக் காட்டினான்.
கைகோத்து நிற்பதைப் பற்றி
எனக்கு அதுவரை நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது.

கடலின் மேல் மழைநீர் ஒரு அடுக்கு,
காட்டில் ஊறி இறங்கிய டிக்காக்ஷன் நிறம்.
அந்த இருட்டை நம்பி, ஆழத்தில் வாழ வேண்டிய கறும்பவளம்
மேலேயே வாழ்கிறதாம்.
உயிரோடு இருக்கும்வரை அது வெள்ளை.
செத்த பிறகே பெயருக்கு ஏற்ற நிறம்.

அருவியின் கீழே மூக்கை நுழைத்தது படகு.
பக்கத்தில் வேறொரு அருவி
பாதி வழியில் காற்றிடம் மாட்டி
வந்த வழியே மேலே போனது.
எல்லோரும் கத்தினார்கள். நானும்.

பிறகு இன்ஜினை நிறுத்தினார்கள்.
அமைதியைக் கேளுங்கள் என்றார்கள்.
எனக்குக் கேட்டதெல்லாம்
தொப்பிமேல் மழை தட்டும் சத்தம்,
கோட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் சத்தம்.
இங்வில்டுக்கும் கேட்டிருக்கும்.
அப்புறம் வந்த ஐவருக்கும்.
குளிருக்குப் பைக்குள் கைவிட்டேன்.
கூழாகிப்போன ஒரு டிக்கெட்.
வெள்ளைக் கோடு ஓடிய ஒரு தட்டைக் கல்.

திரும்பும்போது, கண்ணாடி வழியே, மெரெபெக்கா:
"பையில் என்ன இருந்தது?"
"கல்."
"ஒன்றுதானா?"
அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை,
மணல் ஈக் கடியைச் சொறிந்தபடி
எண்பது கிலோமீட்டர் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரவு கோட்டை ஆணியில் மாட்டினேன்.
உள்ளே ஆளில்லாமலே
அதன் தோள்கள் சற்றுக் கூசித் தூக்கியிருந்தன.
கல் பையிலேயே இருந்தது.
கூட ஒரு எலுமிச்சை மிட்டாய் வைத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு, மேல்மாடி ஜன்னலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது,
பேருந்தின் படியில் மஞ்சளாய் ஒன்று ஏறியது,
முழங்கால் வரை தொங்க.
மெரெபெக்கா ஏதோ சொன்னாள்.
மஞ்சள் திரும்பிப் பார்த்தது,
தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.