ஓம்

கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னம்
நான் நல்ல பிள்ளை.
குரக்கன் புட்டு, பாவற்காய்,
இரண்டு நேரமும் தவறாமல் குளிசை.
முதல்நாள் இரவு வெறுந்தண்ணி.
விடிய, மாங்குளம் ஆஸ்பத்திரியில்
விரல் நுனியில் ஒரு குத்து:
நூற்றுப் பதினெட்டு.

"ஒழுங்கா எடுக்கிறீங்களா?"
"ஓம்."
"தேத்தண்ணிக்குச் சீனி?"
"அது எப்பவோ விட்டிட்டன்."
கொப்பியில் ஒரு சரி விழும்.
அடுத்த திகதி விழும்.
வாசல் கடையில் ஒரு வாய்ப்பன்,
எனக்கு நானே குடுக்கிற பரிசு.

மற்ற நாளெல்லாம்
அம்பகாமக் காட்டில் முழங்காலில் நிக்கிறவள்.
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
முகத்துக்கு முன்னால் கண்ணாடி,
கண்ணாடிக்குள் என்ர மூச்சே எனக்குப் புழுக்கம்.
டிற்றெக்ரர் கீச்சிட்டால்
பழைய ஆணியோ, மீன் ரின் மூடியோ, மற்றதோ,
கிண்டிப் பார்க்காமல் "ஒண்டுமில்லை" எண்டு
பதினொரு வருசத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.
நாளைக்கு ஆரோ அதில மாடு சாய்ப்பான்.

அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை போட்டால்
பத்து மணிக்குக் கை நடுங்கும்.
நடுங்கிற கையால் அந்த மண்ணைச் சுரண்டேலாது.
அதாலை நிப்பாட்டினன். ஆருக்கும் சொல்லேல்லை.
சொன்னால் கொப்பியில் ஏறும்,
கொப்பியில் ஏறினால் சுப்பவைசரின் காதுக்குப் போகும்,
முகாமில் சோறாக்க விடுவினம்.
சோறாக்கிறவைக்குச் சம்பளம் பாதி.
கடைக்குட்டி இந்த வருசம் ஓ.எல்.

போன மாசியில் சப்பாத்துக் கழட்டேக்கை
காலுறை ஒட்டிக்கொண்டு வந்தது.
ஈச்சமுள். அரை விரல் நீளம்.
எப்ப ஏறினது, காலமையோ, முதல்நாளோ,
முள்ளைத்தான் கேக்கவேணும்.

இந்தமுறை புது டொக்டர்.
நதீஷா. மாத்தறைப் பக்கம்.
தமிழ் படிச்சு வந்தவ,
ஒரு சொல்லைக் கீழே வைச்சுப் பார்த்துத்தான்
அடுத்ததை எடுப்பா.
நூற்றுப் பதினெட்டை அவ பார்க்கவேயில்லை.
வேறொரு தாள் இருந்தது, மூன்று மாசக் கணக்கு.
பத்துப் புள்ளி நாலு.

"செருப்புக் கழட்டுங்க. கண்ணை மூடுங்க.
இந்த நூல் காலில தொடும், அப்ப ஓம் சொல்லுங்க."

மூடினன்.
விசிறிச் சத்தம். திரைக்கு அங்கால ஆரோ இருமல்.
இவ்வளவு நேரத்துக்குள்ள தொட்டிருப்பா எண்டு ஒரு கணக்கு.
"ஓம்."
கொஞ்சம் விட்டு, "ஓம்."
இப்ப பெருவிரலாய் இருக்கும். "ஓம்."

"யசோமலர் அம்மா,
நான் இன்னும் தொட இல்லை."

கண் திறக்க மனம் வரேல்லை.
அந்த இருட்டுக்குள்ள இருந்தே தொடங்கினன்.
முதல் வாய்ப்பன், அது லேசு.
பிறகு காட்டில குடிக்கிற ஐந்து பிளேன்ரீ,
பிறகு பட்டினி கிடந்து வாங்கிற நூற்றுப் பதினெட்டு.
அதுக்கு அவ சிரிச்சா:
"எங்க அப்பாவும் கிளினிக்குக்கு முதல் நாள் சாப்பிடாது."
சிரிப்பு முடியுமுன்னம் முள்ளைச் சொன்னன்.
கடைசியாய்க் குளிசையை.

கண்ணைத் திறக்கேக்கை
அவ நிலத்தில குந்தியிருந்து
என்ர குதிக்காலைக் கையில ஏந்திக்கொண்டிருந்தா.
"நடுங்கிறது மருந்தால. மருந்தை மாத்தலாம்,
சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."
"கால்?"
"காலை எழுதத்தான் வேணும்."
"எழுதினால் என்ர வேலை?"

பேனையை மூடினா. திறந்தா.
"எனக்குத் தெரியாது," எண்டா.
ஒண்டும் நடக்காது எண்டு சொல்லியிருக்கலாம்.
சொல்லேல்லை.

மூன்று மாசத்துக்குப் பதிலாய்
இரண்டு கிழமையில ஒரு திகதி.
ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக்
கண்ணாடி வைச்சுப் பார்க்கவேணுமாம்.
சீப்போடு கிடக்கிற அந்தச் சின்னக் கண்ணாடி போதும்.

வாசலில் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்
சூடு ஆறாத வாய்ப்பன்.
வாங்கேல்லை எண்டு முடிக்கத்தான் ஆசை.
ஒண்டு வாங்கினன்.
பாதியைப் பஸ் நிலைய நாய்க்குப் போட்டன்.

இல்லை.
கால்வாசியை.