வியாழனுக்கு மாற்றிய பிறந்தநாள்

பிறந்தது சனிக்கிழமையில் விழுகிறது.
குப்பை வண்டி வருவதோ வியாழன்.
அதனால் விருந்தை வியாழனுக்கு மாற்றினேன்.
நான்கு முடியப்போகிறவனுக்கு
நாட்காட்டி ஒரு பொருட்டா?

முதலில் "டைனோசர்?" என்று கேட்டேன்.
"வேண்டாம்."
ஜன்னலில் ஜலசந்தி தெரிந்ததால் "கப்பல்?" என்றேன்.
"குப்பை வண்டி."
மிலென்கோ சொன்னால் சொன்னதுதான்.
அவன் அப்பாவும் அப்படியே,
போகிறேன் என்றார், போய்விட்டார்.

கையில் இருபதாயிரம் பெசோ.
நான் வேலை செய்யும் மருந்துக்கடையின்
ரசீதுத் தாளைத் திருப்பி எழுதினேன்:
மாவு, முட்டை, பால், பச்சை நிறம்,
ரொட்டி, சாஸேஜ் பதினாறு.
கூட்டினால் இருபத்து மூன்று வந்தது.
சாஸேஜை எட்டாக்கினேன், பேனாவாலேயே,
ஆளுக்கு ஒன்று.

பலூன் எழுதவில்லை.
புந்தா அரேனாஸில் பலூன் வாங்குவது
காற்றுக்குத் தரும் நன்கொடை.

அழைப்பிதழ்களுக்குக் கடையில் மீந்த விளம்பரத் தாள்கள்.
ஒரு பக்கம் மிலென்கோவின் கோணல் சக்கரங்கள்,
மறுபக்கம் மூட்டு வலித் தைலம், இருபது சதவீதம் தள்ளுபடி.
ஏழு பேருக்குக் கொடுத்தேன்.
ஒருத்தி தைலம் வாங்க வந்துவிட்டுத்தான்
விருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள்.

எதிர்வீட்டு தானிட்ஸா புது ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தாள்.
"பெட்டியை எறிந்துவிடாதே" என்று
மூன்று நாள் முன்னரே சொல்லிவைத்தேன்.
கூரைக்கு அடித்ததில் மிச்சமிருந்த பச்சை பெயின்ட்,
சக்கரத்துக்குக் காகிதத் தட்டு,
விளக்குக்குத் தயிர்க் கிண்ண மூடி.
மூன்று ராத்திரி, அவன் தூங்கிய பிறகு.
நவம்பரில் இங்கே பத்து மணிக்கும் வெளிச்சம்.
விளக்குச் செலவும் மிச்சம்.

வியாழன், மூன்றரை மணி.
கேக் செவ்வகம், பச்சை,
கறுப்பு பிஸ்கட்டுகள் அதன் சக்கரம்.
ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பை,
உள்ளே இரண்டு மிட்டாய்.
"குப்பைப் பையா?" என்றாள் தைலக்காரி.
"கருப்பொருள்" என்றேன்,
பத்திரிகையில் படித்த சொல்.

அப்போது வந்தது காற்று.

முதலில் கைத்துடைப்பான்கள், பிறகு தட்டுகள்.
பிறகு என் மூன்று ராத்திரியும்
ஒரு முறை குலுங்கி, எழுந்து,
வேலி தாண்டித் தெருவில் இறங்கியது.
நான் வாயில் கை வைத்தேன்.
மிலென்கோ கத்தினான்:
"வண்டி கெளம்பிடுச்சு!"

எட்டுப் பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள்.
வழியெல்லாம் காகிதம்,
தானிட்ஸாவின் வேலியில், செடியில், நாயின் வாயில்.
யாரும் சொல்லாமலே பொறுக்கினார்கள், பைகள் நிறைந்தன.
நான் யோசித்துவைத்த இரண்டு விளையாட்டுகள்
ரசீதின் மூலையிலேயே கிடந்தன.

நிஜ வண்டி அரை மணி தாமதம்.
இறங்கியவர் ஆரஞ்சுக் கையுறை மாட்டியிருந்தார்.
உயரவாரியாக அல்ல, ஓடிவந்த வரிசையில்
எட்டுப் பேர் பையை நீட்டி நிற்பதைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
ஒவ்வொரு கையிலிருந்தும் தனித்தனியாக வாங்கி
தனித்தனியாக வீசினார்.
சக்கரத்தின் பின்னாலிருந்து
நசுங்கிய பச்சை அட்டையை இழுத்தார்.
"இது உங்களுதா?"

என்னைத்தான் கேட்டார்.
பதில் சொன்னது மிலென்கோ.
"ஆமா. போடுங்க."

இரும்புத் தாடை மெல்ல மூடியது.
பச்சை வண்டியைப் பச்சை வண்டி தின்றது.
என் மகன் முகத்தில் அப்படியொரு ஒளியை
அவன் பிறந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.
எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ,
பெயின்ட் வாசனையாக இருக்கலாம்.
மீந்த கேக்கில் ஒரு துண்டு வெட்டி
ஓட்டுநருக்கும் நீட்டினேன்.
சக்கரத்தை முதலில் தின்றார்.

சனிக்கிழமை காலை
அவன் காதருகே குனிந்து சொன்னேன்:
"இன்னிக்குத்தான் நீ நிஜமா பொறந்த நாள்."
ஒரு கண் திறந்தான்.
"வண்டி வருமா?"
"வராது."
போர்வையை இழுத்துக்கொண்டு
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.