இடஞ்சுழி

பனி விலகுவதற்குள் முடிக்க வேண்டும்.
விலகினால் காற்று வந்துவிடும்.
கடற்கரைக்காரர்களுக்கு வாடை, கொண்டல், சோழகம் என்று
காற்றுக்கெல்லாம் பேர் இருக்கிறது.
ஏற்காட்டு ஏரியில் அது
எந்தக் காப்பித் தோட்டத்திலிருந்து கிளம்பியது என்றுகூடச் சொல்லாது.
மூன்று பக்கமும் முட்டிக்கொண்டு
நாலாவது பக்கமாக வந்து கன்னத்தில் அறையும்.

பதினாறடிப் படகு.
பாதி என்னுடையது, பாதி என் நாத்தனார் குணவதியுடையது.
குடும்பத்தில் சண்டையில்லாமல் பிரிந்த ஒரே சொத்து.
முன்பாயைப் போன வைகாசியிலேயே கவனித்தேன்.
சுருட்டிய பின் வெளியே தெரிகிற நீலப் பட்டை
வெயிலில் வெந்து,
நகம் பட்டாலே சுட்ட அப்பளமாய் உதிர்ந்தது.
அடியில் தையல் நூல் தூளாகியிருந்தது.
பின்விளிம்பு, காற்றில்லாத நாளிலும்
எதையோ முனகிக்கொண்டிருந்தது.

புதியதைத் தைத்தவர் செவ்வாய்ப்பேட்டை ரஃபியுத்தீன் பாய்.
‘பாய் தைத்த பாய்’ என்று குணவதி
மூன்று வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கை அவருக்கு.
ஆடியில் நாங்கள் கழற்றிக் கொடுத்த பழையதைத்
தரையில் விரித்து, மூலைக்கொரு செங்கல் வைத்து அளந்து,
புதுத் துணியில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார்:
மேல். முன். பின்.
ஏரியை அவர் பார்த்ததில்லை.
“எத்தன டன்னு இழுக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

கயிற்றைத் தளர்த்திப் பழையதை இறக்கினோம்.
அலுமினியக் காடியிலிருந்து
அது வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது.
புதியது அப்படி ஏறுமா?
பாவாடைக்கு நாடா கோப்பதுபோல
குணவதி விளிம்பைக் காடிக்குள் ஊட்ட,
நான் கயிற்றை இழுக்க,
ஆளுயரத்தில் சிக்கி நின்றது.
தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தோம்.
மார்கழி; அது புட்டிக்குள் கல்லாகியிருந்தது.
கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியை எடுத்து
விளிம்பு நெடுகத் தேய்த்தோம்.
ஒரு சாண். இன்னொரு சாண்.
உச்சியில் போய் ‘டக்’கென்றது.
என்ன வெள்ளை!
சலவைக்குப் போகாத வேட்டி
பனியில் விறைத்து நிற்பதுபோல.

பிறகு உருளையின் கயிற்றை இழுத்தேன்.
உருளை சுற்ற, பாய் சுருள,
நீலப் பட்டை சமர்த்தாக
உள்ளே போய் ஒளிந்துகொண்டது.
வெள்ளை முழுக்க வெளியே,
வெயிலுக்கு விருந்து.

யாரும் பேசவில்லை.
போட் ஹவுஸ் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
போனில் ரஃபியுத்தீன் பாய் சொன்னார்:
“லாரிக்கு எந்தப் பக்கம் போட்டாலும் மழை ஒண்ணுதானே, மேடம்.
கொண்டு வாங்க, பிரிச்சுத் தரேன்.”
இருபது கொண்டை ஊசி இறங்கி, மறுபடி ஏறி...
நான் மனசுக்குள் வளைவுகளை எண்ணிக்கொண்டிருக்கையில்
குணவதி குனிந்து
உருளையின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

“பாய மாத்த வேணாம் அண்ணி. சுத்துறதத்தான் மாத்தணும்.”

வலஞ்சுழியாய்ச் சுற்றிப் பழகிய உருளை.
கயிறில்லாமல், வெறுங்கையால்,
அவள் அதை இடஞ்சுழியாய்த் திருப்பினாள்.
நீலம் வெளியே வந்தது.
கயிற்றை மறுபக்கத் துளையில் கோத்து முடிந்து
பாயின் நுனியை இழுத்தால்,
விரிய விரிய உருளையே
தன் கயிற்றைச் சுற்றிக்கொண்டது.
பள்ளியில் கணக்கில் பெயிலானவள் என்று
இந்தக் குடும்பம் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறது.
நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் பனி கிழிந்தது.
பாய் ஒருமுறை உதறி,
வயிறு நிறைந்து நின்றது.
நங்கூரத்தை எடுக்க மறந்திருந்தோம்.

சாயங்காலம் சேலம் பஸ்ஸில் மடியில் பழைய மூட்டை.
“என்னம்மா அது?”
“பாய்.”
கண்டக்டர் ஒரு கணம் பார்த்தார்.
“கோரையா, பிளாஸ்டிக்கா?” என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல்
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.