வெறும் தண்ணீர்ப் பாத்தி

சீட்டுக் குலுக்கினார்கள்.
காம்போவுக்கு வேப்பங்கொட்டைச் சாறு.
அவன் மச்சினிக்கு மிளகாய்.
மசூதிக்குப் பின்னால் பயிர் வைக்கிற இரட்டையருக்குப்
பூண்டும் சவர்க்காரமும்.
எனக்கு வந்த சீட்டில் ஒரே சொல்:
தண்ணீர்.

"ஒப்பிட ஒன்று வேண்டும், தெலு அக்கா"
என்றான் நியாமேயிலிருந்து வந்த ஷாயிபு.
"எதுவும் போடாத பாத்தி ஒன்று இல்லாவிட்டால்
போட்டது என்ன செய்தது என்று
எதை வைத்துச் சொல்வது?"
நஷ்டத்துக்கு இரண்டு மூட்டைக் கம்பு
காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்.
காகிதத்தை மடித்து வைத்தேன். கம்பு பிறகு வந்தது.

ஹர்மத்தான் வீசும் மாதம்.
கால்மியில் வெடிக்காத உதடு கிடையாது.
கிணற்றுக் கயிறுகூடக் காய்ந்து உள்ளங்கையை அறுக்கும்.
இலைப்பேனுக்கு மட்டும் அது கல்யாண மாதம்.
கடுகில் பாதி இருக்காது ஒவ்வொன்றும்.
குருத்தின் கக்கத்தில் புகுந்துகொண்டு
பச்சையைச் சுரண்டிச் சுரண்டி உறிஞ்சும்.
உறிஞ்சின இடம் வெள்ளிக் கோடு.
சந்தைக்குப் போகிற ஒருத்தி
உன் பயிர் மட்டும் மினுங்குகிறதே என்று மெச்சினாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்தோறும் ஷாயிபு குந்துவான்.
வெள்ளைத் தட்டில் தாளைத் தட்டி
விழுவதை எண்ணுவான்.
வேம்பில் நான்கு.
மிளகாயில் பதினொன்று.
பூண்டில் இருபது சொச்சம்.
என்னிடம் வந்து எண்பதைத் தாண்டியதும்
கண்ணைக் கசக்கிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

நானும் தெளித்தேன்,
எல்லாரையும் போல, வெயில் தாழ்ந்த பிறகு.
அதே தெளிப்பான், முதுகில் அதே பதினைந்து லிட்டர்.
உள்ளே கிணறு.
தண்ணீர் தெளித்து விடுவது என்பார்களே,
அதை வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன்
என் கையால் நட்டதற்கு.

ஏழாவது வாரம் ஓர் இரவு
காம்போவின் பானையைத் திறந்தேன்.
இடித்த கொட்டை துணி முடிச்சில் ஊறிக்கொண்டிருந்தது.
நிலா வெளிச்சத்தில் பால் மாதிரி.
ஒரு சுரைக்குடுவை மொண்டேன்.
பதிலுக்குப் பானை மூடியில்
அரைக்கட்டிச் சவர்க்காரம் வைத்தேன்.
(கொட்டையைக் காகம் தின்றது என்பான்.
சவர்க்காரத்தைக் காகம் வைத்தது என்பானா?
அப்போது தோன்றவில்லை.)
முழுப் பாத்திக்கும் போட்டால் கணக்குப் பொய்.
ஒரு வரிசைக்குப் போட்டால்
கணக்குக்குத் தெரியாது.
அப்படித்தான் நினைத்தேன்.
துடைப்பத்தை முக்கி உதறினேன்,
கடைசி வரிசை, பதினான்கு.
போன வாரமும் இந்த வாரமுமாக
நான்கு இரவு.

செவ்வாய்.
கண்ணை மூடிக்கொண்டு அடி எண்ணி நடப்பான்,
நின்ற இடத்தில் குந்துவான்.
நின்றான், பதினான்கில்.
தட்டினான். ஏழு.
பக்கத்துச் செடி. ஆறு.
தாளின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றான்.
துப்பினான்.
நான் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காற்றில் வந்திருக்கும்" என்றான்.
"காம்போ பாத்தி எந்தப் பக்கம்?"
"மேற்கே."
"காற்று?"
"கிழக்கிலிருந்து."
கொஞ்ச நேரம் இருவரும்
கிழக்கிலிருந்து வந்த காற்றைக் கேட்டோம்.
பிறகு நோட்டில் எழுதினான்:
வரிசை பதினான்கு, சேர்க்கவில்லை.
காரணம் எழுதுகிற கட்டம் காலி.

அறுவடையில் பதின்மூன்று வரிசை
கோழிமுட்டை அளவு.
பதினான்கு என் முஷ்டி, ஊதா, கனம்.
அதைத் தராசுக்குக் கொண்டுபோகவில்லை.
பாயடியில் பரப்பினேன்.

கூட்டத்தில் துணித்திரையில் கோடுகள் காட்டினார்கள்.
காம்போவின் கோடு தரையோடு தரை; எல்லாரும் கைதட்டினார்கள்.
என்னுடையது திரையை முட்டிக்கொண்டு நின்றது.
அதன் கீழே என் பெயரில்லை, சீட்டில் இருந்த சொல்.
அதுவும் இல்லாமல்
காம்போவின் கோடு குள்ளம் என்று எவனுக்குத் தெரியும்?

இப்போது மழைக்காலம்.
பறவை தின்று போட்ட வேப்பங்கொட்டையைப்
பொறுக்கிக் கழுவி நிழலில் காயவைக்கிறேன்.
கைப்பேசி அடித்தது. ஷாயிபு.
இந்த ஆண்டும் சோதனை உண்டாம்,
தண்ணீர்ச் சீட்டு என்றால் ஊரில் யாரும் வரமாட்டேன் என்கிறார்களாம்.
"மூன்று மூட்டைக் கம்பு, அக்கா."

"நான்கு" என்றேன்.
"பதினான்காம் வரிசை
எனக்கு."