ஐந்தாம் பாகம்

நான்காவதில் டிராகனுக்கு இரண்டு கண்.
ஆறாவதில் ஒன்றுதான்.
நடுவிலிருந்த ஐந்தை யாரோ இரவல் வாங்கிப்போய்
இன்னும் திருப்பவில்லை
ஃபாரோ தீவின் அந்த ஒற்றை அறை நூலகத்துக்கு.

பனிக்காலம் முழுக்க
ரன்வா தம்பிக்குச் சொன்னாள்:
பசித்த கடற்பறவைக் குஞ்சொன்று
பளபளத்த கண்ணை மீனென்று கொத்திவிட்டது.
டிராகன் வாயைத் திறந்தது.
நெருப்பு தொண்டைவரை வந்தது.
குஞ்சைப் பார்த்தது,
விழுங்கிக்கொண்டது
நெருப்பை.

மே மாதக் கப்பலில் வந்துசேர்ந்தது ஐந்து,
ஈரக்காற்றில் ஓரம் உப்பி.
அதில் ஒரு ராஜா, ஒரு ஈட்டி,
எழுபது பக்கம் போர்.

ஹானுஸ் கடைசிவரை கேட்டான்.
"எழுதினவங்களுக்குச் சரியாத் தெரியல," என்றான்.
விளக்கை அணைத்த பிறகு,
போர்வைக்குள்ளிருந்து:

"அந்தக் குஞ்சு
அப்புறம் பறந்துச்சா?"